அத்தியாயம் 6: மாத்திரைக்கு முன் காலைச் சாப்பாடு

இந்த அத்தியாயத்தைப் புரட்டுகிறவர்களில் பலர் ஒரு மாத்திரையின் பெயரைத் தேடித்தான் வந்திருப்பீர்கள். எதைச் சாப்பிட்டால் காரீயமும் ஆர்செனிக்கும் உடம்பில் ஏறாது என்ற கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அப்படியொரு மாத்திரை கிடையாது. ஆனால் சத்துக் குறைந்த உடம்பு நச்சு உலோகத்தை அதிகமாக உறிஞ்சும். அந்தக் குறையை நிரப்பினால் உறிஞ்சுவது குறையும். ஊட்டச்சத்தால் ஆகிற காரியம் அவ்வளவுதான். அதுவும் சின்னக் காரியமில்லை, முக்கியமாகப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும். எதை, யார், எப்போது சாப்பிடலாம், எதில் பணத்தைக் கொட்டக்கூடாது என்பதை ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வாழ்க்கையை வைத்தே பார்ப்போம்.

நம் பக்கத்தில் எங்கிருந்து வருகிறது

கைவிட்ட சுரங்கம் என்றதும் இங்கே எல்லோர் நினைவுக்கும் வருவது கோலார் தங்கவயல். 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் தோண்டத் தொடங்கிய வயல் அது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கமிருந்தும் போன தமிழ்க் குடும்பங்களின் உழைப்பில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்துக்கு இறங்கியது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். சுரங்கம் மூடியது, அரைத்துச் சைனைடால் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் அங்கேயே கிடக்கிறது. பதின்மூன்று மேடுகள், ஏறத்தாழ 3.3 கோடி டன். அந்த ஊர்க்காரர்கள் அதை 'சைனைட் மேடு' என்கிறார்கள். சைனைடு வெயிலிலும் காற்றிலும் பட்டு ஆண்டுக்கணக்கில் சிதைந்துபோகும். உலோகம் சிதையாது. கோலாரின் மேற்குப்புறத் தாது ரேகைகளில் ஆர்செனிக் அடங்கிய கந்தகக் கனிமங்கள் உண்டு; அவை மாவாக அரைபட்டு அந்த மண்ணோடு கலந்திருக்கின்றன. மழையில்லாத மாதங்களில் காற்றடித்தால் மேட்டின் தூள் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை வீடுகளின் சோற்றுப்பானை வரை வந்து சேரும். மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை மறுபடி எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கிளறும் வேலை நடக்கும்போது தூசிக் கட்டுப்பாடு என்னவென்று கேட்க வேண்டியவர்கள் சுற்றியுள்ள ஊர் மக்கள்.

தங்கம் தாங்கும் அந்தப் பாறைப்பட்டை தங்கவயலோடு நின்றுவிடவில்லை. தெற்கே குப்பம் பக்கம் இறங்கி, கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளி, மகாராஜகடைப் பகுதி வரை நீள்கிறது. நம் மாவட்டத்தில் இதைவிடக் கண்ணில் படுவது பர்கூர், ஜெகதேவி பக்கத்துக் கிரானைட் குவாரிகள். அங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கிரானைட் தூசியின் முதல் ஆபத்து உலோகம் அல்ல, சிலிக்கா. அது நுரையீரலில் தங்கித் தழும்பாக்கும். சிலிக்காவுக்கு எதிராக எந்தச் சத்து மாத்திரையும் உதவாது. தண்ணீர் அடித்துக்கொண்டே அறுப்பதும் சரியான முகக்கவசமும்தான் உதவும். குவாரியில் வேலை செய்கிறவருக்கு யாராவது சத்துப் பவுடர் விற்க வந்தால் இதைச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ஓசூர்ப் பக்கம் வழி வேறு. பழைய பேட்டரி உடைக்கும் இடம், ரேடியேட்டர் பற்றவைக்கும் பட்டறை, காரீயம் உருக்கும் சிறு உலை ஆகியவற்றில் வேலை செய்கிறவரின் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டி வரும் தூசிதான் வீட்டுக் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. பெங்களூருவின் கழிவைச் சுமந்து தென்பெண்ணை கொடியாளம் வழியாக நுழைந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை ஓசூர்க்காரர்கள் மழைக்காலம்தோறும் பார்க்கிறார்கள். நுரை பெரும்பாலும் சோப்பும் சாக்கடையும் சேர்ந்து வருவது. தொழிற்சாலைக் கழிவோடு வரும் உலோகம் கண்ணுக்குத் தெரியாது, அடிச்சேற்றில் படியும். ஆகவே நுரை இல்லாத நாளில் தண்ணீர் நல்லது என்று எண்ண வேண்டாம்.

வெறும் வயிறு

காரீயம் உடம்புக்குள் நுழையத் தனி வழி எதுவும் வைத்திருக்கவில்லை. கால்சியத்துக்கும் இரும்புக்கும் குடலில் இருக்கும் வழியிலேயே நுழைகிறது. சாப்பாட்டில் இரும்பு குறைந்தால், கிடைக்கிற கொஞ்சத்தையும் விடக்கூடாது என்று குடல் அந்த வழியை அகலமாகத் திறந்துவைக்கிறது. இரும்போடு காரீயமும் காட்மியமும் உள்ளே போய்விடுகின்றன. வெல்டிங் புகையில் பேர்போன மாங்கனீசும் அதே வழிதான். போன காரீயம் எலும்பில் கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்து, பல ஆண்டு தங்குகிறது. கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது, சிறுவயதில் சேர்ந்த காரீயமும் கூடவே கரைந்து ரத்தத்துக்கு வந்து கருவிலிருக்கும் குழந்தையைத் தொடுகிறது. பேட்டரிப் பட்டறையை விட்டுப் பத்து வருடம் ஆன பெண்ணும் கர்ப்பமானவுடன் இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான்.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். பெரியவர் ஒருவர் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கும் காரீயத்தில் உடம்பு எடுத்துக்கொள்வது 3 முதல் 15 சதவீதம். வெறும் வயிற்றில் விழுங்கினால் அது 60 முதல் 80 சதவீதம். எந்த மாத்திரையும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டியதில்லை. குழந்தைகளின் உடம்பு இயல்பாகவே பாதி வரை எடுத்துக்கொள்ளும். காலையில் ஒரு டம்ளர் டீயோடு பள்ளிக்கோ பட்டறைக்கோ போய், பத்து மணிக்குத் தூசிக் கையோடு எதையாவது வாயில் போடும் பழக்கம்தான் நம் பக்கத்தில் மாற வேண்டிய முதல் பழக்கம்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை இந்தக் கண்ணோடும் பார்க்க வேண்டும். படிப்புக்காகவும் பசிக்காகவும் கொண்டுவந்த திட்டம்தான். ஆனால் தூசி பறக்கும் ஊரில் அந்த உப்புமாவும் பொங்கலும் குடலில் காரீயத்துக்கு எதிராகவும் வேலை செய்கின்றன. உங்கள் பிள்ளை வீட்டில் சாப்பிட நேரமில்லாமல் ஓடுகிறதென்றால், பள்ளியில் சாப்பிடுவதைத் தாழ்வாக நினைக்காமல் சாப்பிடச் சொல்லுங்கள். சாப்பிடுமுன் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

கால்சியம்: கையருகே இருப்பது கேழ்வரகு

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு 550, பால் கொடுக்கும் தாய்க்கு 1,200. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் தமிழ்நாட்டின் கேழ்வரகுச் சீமை. பையூர் ஆராய்ச்சி நிலையம் கேழ்வரகு ரகங்களை வெளியிட்ட மண் இது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது; அதே எடை அரிசியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னும் களி கிண்டும் வீடுகள் நிறைய. மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு டப்பா வாங்கும் வீட்டைவிட இந்த வீடுகள் சரியான வழியில் இருக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

ஒரு குறை உண்டு. கேழ்வரகில் உள்ள பைட்டேட் என்னும் பொருள் இரும்பையும் கால்சியத்தையும் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும். ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்து அரைத்தாலோ, மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்கவிட்டுக் கூழ் காய்ச்சினாலோ அந்தப் பிடி தளரும். பழைய முறையில் காய்ச்சும் கூழ் இந்த விஷயத்தில் உடனடிக் கஞ்சியைவிட மேல். கூடவே மோர் அல்லது பால், எள்ளுருண்டை, முருங்கைக்கீரை சேர்ந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கால்சியம் மாத்திரையே வேண்டியிராது.

மாத்திரை வேண்டியிருப்பது கர்ப்பிணிகளுக்கு. நான்காம் மாதத்திலிருந்து நாளுக்கு இரண்டு முறை, முறைக்கு 500 மில்லிகிராம் கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்ந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மெக்சிகோவில் கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்ததில் ரத்தத்தில் காரீயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது. தவறாமல் சாப்பிட்டவர்களுக்கு இன்னும் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தந்த வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: ரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்து, சாப்பாட்டில் கால்சியம் போதாத கர்ப்பிணிக்குக் கால்சியம் கொடு; பத்து வயது வரையுள்ள குழந்தைக்குக் கால்சியமோ இரும்போ போதவில்லையென்றால் அதைக் கொடு. போதாதவர்களுக்குத்தான் என்பதைக் கவனியுங்கள். போதுமான அளவு உள்ளவர் மேலும் மேலும் விழுங்கினால் சிறுநீரகக் கல்லும் மலச்சிக்கலும்தான் மிச்சம்.

இரும்பு: பரிசோதித்த பிறகு

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. பாதிக்கும் மேற்பட்டவர்களின் குடல் காரீயத்துக்கு அகலத் திறந்திருக்கக்கூடும் என்று இதைப் படிக்கலாம். அங்கன்வாடியில் குழந்தைக்குத் தரும் இரும்புச் சத்து சிரப், பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் மாத்திரை, கர்ப்பிணிக்குத் தினமும் 180 நாள் தரும் 60 மில்லிகிராம் மாத்திரை எல்லாமே இலவசம். பல வீடுகளில் இவை அலமாரியில் கிடந்து காலாவதியாகின்றன. "மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு குமட்டுகிறது" என்பார்கள். இரண்டும் இரும்பு மாத்திரையின் இயல்பு, ஆபத்தில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் குமட்டல் குறையும். கால்சியம் மாத்திரை, பால், டீ, காபி ஆகியவற்றோடு சேர்த்து எடுக்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் இரும்பு நன்றாக ஏறும். வைட்டமின் சி-க்குத் தனி மாத்திரை தேவையில்லை. மாங்காய்க்கும் கொய்யாவுக்கும் குறைவில்லாத மாவட்டம் இது.

ஆனால் டப்பா இரும்பை நீங்களாகவே குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். காரீய நச்சிலும், தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயிலும் ரத்த அணுக்கள் இரும்புக் குறைவு போலவே சிறுத்துத் தெரியும். தலசீமியாக் குழந்தைக்கு இரும்பு சேர்ந்தால் தீங்கு. ஹீமோகுளோபினும் முடிந்தால், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிட்டு மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். இரும்பு மாத்திரைப் பாட்டிலைக் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். இனிப்பு மிட்டாய் என்று ஒரு கை நிறைய விழுங்கிய பிஞ்சுக் குழந்தைகள் உலகெங்கும் இறந்திருக்கின்றன.

இரும்பும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. மெக்சிகோவின் டொரியோனில் உலோக உருக்காலை அருகில் வளர்ந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் இரும்பும் துத்தநாகமும் கொடுத்தார்கள். அறிவுத்திறன் சோதனைகளில் நிலையான முன்னேற்றம் கிடைக்கவில்லை. காரீயம் ஏற்கெனவே செய்துவிட்ட சேதத்தை மாத்திரை திருப்பித் தராது. ஏறுமுன் தடுப்பதுதான் வழி.

மற்ற உலோகங்கள் சுருக்கமாக

ஆர்செனிக்கைக் கல்லீரல் மெத்தில் சேர்த்து மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. அதற்கு ஃபோலேட் என்னும் வைட்டமின் தேவை. வங்கதேசத்தில் ஃபோலேட் குறைந்தவர்களுக்கு 12 வாரம் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்ததில் ரத்த ஆர்செனிக் ஏறக்குறைய 14 சதவீதம் குறைந்தது. கீரை, பருப்பு, கொள்ளு, தட்டைப்பயறு தினமும் சாப்பிடும் வீட்டில் ஃபோலேட் கிடைத்துவிடும். காட்மியத்துக்கு இரும்பும் கால்சியமும்தான் அரண். ஜப்பானில் ஜின்சூ ஆற்றங்கரையில் கமியோகா சுரங்கக் கழிவு பாய்ந்த வயல் அரிசியைத் தின்ற பெண்களின் எலும்பு முறிந்தது. பல பிள்ளை பெற்று, கால்சியமும் வைட்டமின் டி-யும் குறைந்தவர்களே அதிகம் துன்பப்பட்டார்கள். பீடி, சிகரெட் புகையிலும் காட்மியம் உண்டு. அதை நிறுத்துவது எந்தத் துத்தநாக மாத்திரையையும்விடப் பலன் தரும்.

பணம் வீணாகும் இடங்கள், ஆபத்தான இடங்கள்

கொத்தமல்லிச் சாறு உலோகத்தை இழுத்து வெளியேற்றும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. ஈரானில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் சோதித்தபோது கொத்தமல்லிச் சாறும் மருந்தில்லாத போலிச் சாறும் ஒரே பலனைத்தான் தந்தன. ஸ்பைருலினா, குளோரெல்லா, 'டீடாக்ஸ்' என்று விற்கும் கலவைகள் எவற்றுக்கும் மனிதர்களில் நம்பத்தகுந்த சான்றில்லை. பூண்டுக்கு மட்டும் ஈரானின் பேட்டரித் தொழிலாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் நல்ல அறிகுறி தெரிந்தது. சாப்பாட்டில் பூண்டு சேர்த்துக்கொள்ளுங்கள், தாராளமாக. மருந்தாக நம்பிப் பட்டறைத் தூசியில் நிற்காதீர்கள்.

இதைவிடப் பெரிய கவலை, நச்சை எடுக்க வாங்கும் பொருளே நச்சைக் கொண்டுவருவது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒன்றில் காரீயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. நாக பற்பம் என்பது காரீயத்தில் செய்வது. சித்த மருத்துவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் காரீயம் ஏறிய உடம்புக்கு உலோகம் சேர்ந்த பற்ப செந்தூரம் கூடாது. எலும்புத்தூளிலும் டோலமைட்டிலும் செய்த கால்சியம் மாத்திரைகளில் காரீயம் இருந்ததும் தெரிந்த விஷயம். கால்சியம் வாங்குவதானால் பெயரோடு 'ஐ.பி.' என்று, அதாவது இந்திய மருந்துத் தரநூல்படி, அச்சிட்டதை மருந்துக் கடையில் வாங்குங்கள். பவுடர் டப்பாவானால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா பாருங்கள். பளிச்சென்ற மஞ்சள் தூள், மலிவான ரசச் சொம்பு, கண்மை ஆகியவற்றிலும் காரீயம் வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூலத்தை மூடாமல் மருந்தில்லை

நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலத்தில் 2010-இல் தங்கத் தாதுவை வீட்டு முற்றத்தில் இடித்து அரைத்தார்கள். அந்தத் தூசியின் காரீயத்தால் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே ஓர் உறுதியான முறையைக் கடைப்பிடித்தது: முற்றத்து மண்ணை அள்ளி மாற்றிய பிறகே அந்த வீட்டுக் குழந்தைக்கு உலோகம் வெளியேற்றும் மருந்து. நஞ்சு மண்ணுக்கே குழந்தையைத் திருப்பி அனுப்பினால் மருந்து வீண் என்பதால் அப்படிச் செய்தார்கள்.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாலிகானப்பள்ளியில் சாந்தி பவன் பள்ளியைத் தொடங்கிய ஜார்ஜ் அறக்கட்டளை 1990-களின் இறுதியில் இந்திய நகரங்களில் ஆயிரக்கணக்கானோரின் ரத்தத்தைச் சோதித்தது. குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் காரீயம் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல். செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ் அந்தப் பணியில் முன்னின்றவர். 2000-இல் நாடெங்கும் பெட்ரோலில் காரீயத்தை நிறுத்தினார்கள். நகரக் குழந்தைகளின் ரத்தத்தில் காரீயத்தை இறக்கியது அந்த முடிவுதான், சத்து மாத்திரை அல்ல.

வீட்டளவில் செய்ய வேண்டியது எளிது. வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே மாற்றிக் குளித்துவிட்டு வாருங்கள், தனியாகத் துவையுங்கள். தரையை வறட்டுத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். மேட்டு மண்ணையோ குவாரி மண்ணையோ வீடு கட்ட, முற்றம் நிரப்ப எடுத்துவராதீர்கள். சந்தேகமுள்ள மண்ணில் கீரையும் கிழங்கும் வேண்டாம். காய், பழம் போடலாம், அவற்றில் ஏறுவது குறைவு. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. ஆவியாகக் குறையும் தண்ணீரில் அது இன்னும் அடர்த்தியாகும். ஆர்.ஓ. கருவி காரீயத்தையும் பெருமளவு ஆர்செனிக்கையும் நீக்கும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஆழ்குழாய்க் கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுக்கும்போது காரீயம், ஆர்செனிக், காட்மியம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான சோதனை உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு ஆகியவற்றோடு நின்றுவிடும். காரீயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.

ரத்தத்தைப் பார்த்துவிடுங்கள்

காரீயம் ஏறியதா என்பதை அறிகுறியை வைத்துச் சொல்ல முடியாது. குழந்தை மந்தமாக இருக்கும், வயிறு வலிக்கும், பசிக்காது. இவை எதனாலும் வரலாம். முழங்கை ரத்தக்குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தில் காரீய அளவைப் பார்ப்பது ஒன்றே வழி. முடியையும் நகத்தையும் வாங்கிக்கொண்டு அறிக்கை தரும் சோதனைகளை வைத்துச் சிகிச்சை முடிவு எடுக்காதீர்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தால் மூலத்தைத் தேட வேண்டும், சத்தைச் சரிசெய்ய வேண்டும். குழந்தைக்கு 45-ஐத் தொட்டால் மருத்துவமனையில், உலோகத்தை வெளியேற்றும் சீலேஷன் சிகிச்சை. அது வீட்டில் செய்கிறதல்ல, தவறான ஈ.டி.டி.ஏ. மருந்தை ஏற்றியதால் ரத்தக் கால்சியம் சரிந்து அமெரிக்காவில் உயிர்கள் போயிருக்கின்றன. வேலையால் வந்த காரீய நச்சு, சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போய், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி பின்னால் இழப்பீட்டுக்குத் தேவைப்படும்.

பட்டறையில் வேலை செய்கிறவர் உங்கள் வீட்டில் இருந்து, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ உடன் இருந்தால், சத்து டப்பாவுக்கு வைத்திருக்கும் பணத்தை இந்த மாதம் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல், நாளைக் காலையே பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுத்து அனுப்புங்கள்.